வீட்டிலிருந்து வரும் எண்களுக்கு யார் பொறுப்பு?

மதுரையிலிருந்து திண்டுக்கல் போகும் வழியில் பரவையைத் தாண்டினால் சமயநல்லூர். ஒரு பக்கம் வயலும் தென்னந்தோப்பும், இன்னொரு பக்கம் நகரம் தள்ளிவிட்ட புதுக் குடியிருப்புகளும் உள்ள ஊர். இத்தகைய ஊர்களின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் சுகர், பிரஷர் மாத்திரைக்காக வரிசையில் நிற்பவர்களின் கையில் பத்தாண்டுகளுக்கு முன் இருந்தது ஒரு நோட்டும் ஓ.பி. சீட்டும்தான். இன்று சிலர் வீட்டில் வாங்கிய பிரஷர் மெஷினின் அளவுகளைத் தாளில் குறித்து வருகிறார்கள். வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளை அனுப்பிய ஸ்மார்ட் வாட்ச்சின் படத்தைப் போனில் காட்டுகிறார்கள். டவுனில் தனியார் மருத்துவரிடம் போகிறவர்களில் வசதியுள்ளவர்கள் கையில் ஒட்டிய சர்க்கரை சென்சாரின் இரண்டு வாரக் கோட்டுப்படத்தையே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார்கள். மருத்துவர் பல நேரம் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தம் கருவியில் மறுபடி அளக்கிறார். இதைப் பழமைப் பிடிப்பு என்றும், நோயாளி சொல்வதை நம்பாத அதிகாரம் என்றும் குறை சொல்வது வழக்கமாகிவிட்டது. அந்தத் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். எண் சரியா தவறா என்பது மருத்துவருடைய கேள்வியில் பாதிதான். அந்த எண்ணை யார் பார்ப்பது, பார்த்தபின் யார் என்ன செய்வது என்பதே மீதிப் பாதி. அதற்கு விடை வைக்காமல் எண்களை மட்டும் பெருக்கிய இடங்களில் நோயாளிக்கு நன்மை கிடைத்ததாகச் சான்று இல்லை.

வீட்டில் நடப்பதை மருத்துவர் எப்படி நம்புவது என்ற கேள்வி தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் அதை அறிவியல் முறையில் கேட்டது. சானடோரியத்தில் படுக்க வைத்துத் தரும் சிகிச்சையும், நெருக்கடியான ஏழை வீட்டிலேயே தரும் சிகிச்சையும் ஒன்றா என்று 193 நோயாளிகளை வைத்து ஒப்பிட்டார்கள். 1959இல் வெளியான முடிவு உலகத்தின் காசநோய்க் கொள்கையையே மாற்றியது: மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் வீடே போதும். இந்த முடிவைக் கொண்டாடுகிறவர்கள் அதற்குப் பின்னால் இருந்த உழைப்பைப் பெரும்பாலும் சொல்வதில்லை. மையத்தின் பணியாளர்கள் முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குப் போய் மிச்ச மாத்திரைகளை எண்ணினார்கள்; மருந்து உடம்பில் சேர்ந்ததா என்று சிறுநீரைச் சோதித்தார்கள். நோயாளி சொன்ன தகவல் அங்கே ஒதுக்கப்படவில்லை. சரிபார்க்கவும், தவறினால் நேரில் போய்ப் பேசவும் ஆள் இருந்ததால்தான் அந்தத் தகவலுக்குப் பயன் இருந்தது. அதே மையம்தான் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

ஆறு பதிற்றாண்டுகள் கழித்து அந்தக் கேள்வி செல்போன் வடிவில் திரும்பி வந்தது. '99 டாட்ஸ்' என்ற முறையில் காசநோய் மாத்திரை அட்டையைச் சுற்றி ஒரு காகித உறை இருக்கும். மாத்திரையை அழுத்தி எடுத்தால் உறைக்குள் மறைந்திருக்கும் ஒரு தொலைபேசி எண் தெரியும். நோயாளி அந்த எண்ணுக்குக் கட்டணமின்றி அழைப்புக் கொடுத்தால் அன்றைய மாத்திரை சாப்பிட்டதாகக் கணினியில் பதிவாகும். ஸ்மார்ட்போன் தேவையில்லை, பட்டன் போன் போதும். நம் நாட்டுக்குத் தக்க எளிமையான யோசனை என்றுதான் பலரும் வரவேற்றார்கள். சென்னை, மும்பை உள்ளிட்ட இடங்களில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்களும் அவர்களோடு சேர்ந்தவர்களும் இதைச் சோதித்து 2020இல் வெளியிட்ட கட்டுரைகள் ஒவ்வொரு மாவட்ட சுகாதார அலுவலரும் படிக்க வேண்டியவை. அழைப்புப் பதிவையும் சிறுநீர்ச் சோதனையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது இரண்டும் போதுமான அளவு ஒத்துப்போகவில்லை. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டவர்களில் பலர் அழைப்புக் கொடுக்கவில்லை. போன் கணவரிடம் இருந்தது, சிக்னல் இல்லை, நோய் வெளியே தெரிந்துவிடுமோ என்ற அச்சம் இருந்தது. அழைப்பு வராத நாள்களைப் பணியாளர் விசாரித்துக் கையால் குறிக்கவும் வசதி இருந்தது. சுகாதாரப் பணியாளர்களின் கருத்து இரண்டாகப் பிரிந்ததில் வியப்பில்லை. யார் தவறவிடுகிறார் என்று ஒரே திரையில் தெரிவதைச் சிலர் பெரிய உதவியாகக் கண்டார்கள். திரையை நம்பினால் நல்ல நோயாளியைக் குற்றவாளியாக்க வேண்டியிருக்கிறது, நேரில் பேசும் பழக்கமும் குறைகிறது என்று வேறு சிலர் கவலைப்பட்டார்கள். எண்ணைக் கருவி கொடுத்தது. அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று கண்டறியும் வேலை ஊழியர் தலையில்தான் விழுந்தது.

முதலில் கருவிகளின் நம்பகத்தன்மையைப் பேசிவிடலாம். வீட்டுச் சர்க்கரை மீட்டருக்கான உலகத் தரவிதி, 100 மில்லிகிராமுக்கு மேற்பட்ட அளவில் 15% வரை கூடவோ குறையவோ காட்ட அனுமதிக்கிறது. ரத்தத்தில் உண்மையில் 200 இருந்தால் மீட்டர் 170 என்றாலும் 230 என்றாலும் அது தரமான மீட்டர்தான். பிரஷர் மெஷினில் பட்டையின் அளவு கையின் பருமனுக்குப் பொருந்தாவிட்டால் மெஷின் நல்லதாக இருந்தும் அளவு தவறும். ஸ்மார்ட் வாட்ச்சின் கதை வேறு. அது தோலுக்குள் ஒளியைச் செலுத்தித் திரும்பி வரும் ஒளியின் ஏற்ற இறக்கத்திலிருந்து நாடித் துடிப்பைக் கணிக்கிறது. துடிப்பைப் பொறுத்தவரை ஓய்வாக இருக்கும்போது அது நன்றாகவே வேலை செய்யும். பட்டையில்லாமல் பிரஷரைக் கணிக்கும் கருவிகளை நோய் கண்டறியப் பயன்படுத்த வேண்டாம் என்று ஐரோப்பிய உயர் ரத்த அழுத்தச் சங்கம் 2023இல் சொன்னது. ஊசி குத்தாமலே சர்க்கரையைக் காட்டுவதாகச் சொல்லும் வாட்ச், மோதிரம் எதையும் வாங்க வேண்டாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. அப்படி ஒன்றுக்கும் அது ஒப்புதல் தரவில்லை. தோலின் நிறமும் இங்கே கணக்கில் வர வேண்டும். விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டர் காட்டாமல் தவறவிட்ட ஆக்சிஜன் குறைவு, வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு என்று 2020இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. ஒளியை நம்பும் கருவி எதையும் நம் ஊர் வெயிலில் உழைப்பவர்களின் தோலில் சோதிக்காமல் அப்படியே ஏற்பது சரியல்ல.

இவ்வளவையும் வைத்து, வீட்டு எண் எல்லாமே குப்பை என்று முடிவு கட்டினால் அதுவும் பிழை. சில வேளைகளில் மருத்துவரின் எண்ணைவிட வீட்டு எண்ணே உண்மைக்கு நெருக்கமானது. 15 மாநிலங்களில் 1,233 மருத்துவர்கள் வழியாக 18,918 பேரிடம் நடந்த இந்திய இதய ஆய்வில், மருத்துவமனையில் எடுத்த பிரஷரையும் வீட்டில் ஒரு வாரம் எடுத்த பிரஷரையும் ஒப்பிட்டார்கள். மருத்துவமனை அளவை மட்டும் நம்பியிருந்தால் ஏறக்குறைய 42% பேரின் நிலையைத் தவறாகக் கணித்திருப்பார்கள். டாக்டரைப் பார்த்தவுடன் பிரஷர் ஏறுகிறவர்கள் ஒரு பக்கம். ஆஸ்பத்திரியில் சரியாக இருந்து வீட்டில் ஏறுகிறவர்கள் மறுபக்கம். ஒரு மருந்து நிறுவனத்தின் ஆதரவில் நடந்த ஆய்வு என்பதை நினைவில் வைத்துக்கொண்டுதான் படிக்க வேண்டும். ஆனாலும் அதன் திசை பிற நாடுகளின் அனுபவத்தோடு பொருந்துகிறது. தேவையில்லாமல் மாத்திரை விழுங்குகிறவரையும், மாத்திரை தேவைப்பட்டும் தெரியாமல் பக்கவாதத்தை நோக்கிப் போகிறவரையும் வீட்டு அளவுதான் பிரித்துக் காட்டும். ஆகவே எண் துல்லியமானதா என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. முறையாக எடுத்த வீட்டுப் பிரஷருக்கு மதிப்பு அதிகம். வாட்ச் சொல்லும் பிரஷருக்கு மதிப்பே இல்லை. இந்த வேறுபாட்டை மருத்துவர்கள் அறிவார்கள். அறிந்தும் தயங்குகிறார்கள் என்றால் காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும்.

அந்த வேறிடத்தை மூன்று பெரிய ஆய்வுகள் காட்டுகின்றன. அமெரிக்காவில் இதயச் செயலிழப்பு நோயாளிகள் 1,653 பேரை எடுத்து, ஒரு பகுதியினரைத் தினமும் தானியங்கித் தொலைபேசிக்கு எடையையும் அறிகுறிகளையும் சொல்லச் சொன்னார்கள். ஆறு மாதத்தில் மறுபடி அனுமதிக்கப்பட்டவர்கள் அல்லது இறந்தவர்கள், தகவல் அனுப்பிய குழுவில் 52.3%, வழக்கமான சிகிச்சைக் குழுவில் 51.5%. 2010இல் வெளிவந்த இந்த முடிவு பலரின் உற்சாகத்தைத் தணித்தது. 2018இல் ஜெர்மனியிலிருந்து வேறொரு முடிவு வந்தது. அதே நோய், 1,571 நோயாளிகள், அதே போலத் தினசரி எடை, பிரஷர், இசிஜி. திட்டமிடாமல் மருத்துவமனையில் கழிந்த நாள்களும் இறப்பால் இழந்த நாள்களும் சேர்ந்து, கண்காணிப்பில் இருந்தவர்களுக்கு 4.88%; மற்றவர்களுக்கு 6.64%. இறப்பும் குறைந்தது. நோயாளிகளைத் தேர்ந்தெடுத்த விதத்திலும் கருவிகளிலும் வேறுபாடு உண்டு. ஆனால் கண்ணில் படும் பெரிய வேறுபாடு, ஜெர்மனியில் இரவும் பகலும் மருத்துவர் இருக்கும் ஒரு மையம் அந்த எண்களைப் பார்த்து உடனே நோயாளியை அழைத்தது என்பதே. மூன்றாவது, அதே ஆண்டு பிரிட்டனில் 1,182 பிரஷர் நோயாளிகளிடம் நடந்தது. வீட்டில் அளந்து எழுதி அனுப்பியவர்கள், வீட்டில் அளந்து போன் வழி அனுப்பியவர்கள், வழக்கம் போல் மருத்துவமனையில் மட்டும் அளந்தவர்கள் என மூன்று குழு. ஓராண்டு முடிவில் மேல் அளவின் சராசரி முறையே 137.0, 136.0, 140.4. வீட்டு அளவைப் பார்த்து மருத்துவர் மாத்திரையைக் கூட்டினார், குறைத்தார். அதனால் பலன் கிடைத்தது. தாளில் எழுதி அனுப்பியவருக்கும் போனில் அனுப்பியவருக்கும் ஓராண்டின் முடிவில் ஒரு புள்ளிதான் வித்தியாசம். சமயநல்லூர் போன்ற ஊருக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை: ஸ்மார்ட்போன் இல்லாததால் இழப்பது மிகக் குறைவு; எண்ணைப் பார்த்து மருந்தை மாற்றும் ஆள் இல்லாவிட்டால் இழப்பது மிக அதிகம்.

மருத்துவர்களின் சொந்தக் குரலும் இதையே சொல்கிறது. அமெரிக்க மருத்துவச் சங்கம் 2016இல் தொடங்கி மருத்துவர்களிடம் நடத்திவரும் கருத்தறிதலில், டிஜிட்டல் கருவிகளால் நன்மை உண்டு என்றவர்கள் முதலிலேயே 85%, 2022இல் 93%. கருவிகளை எதிர்ப்பவர்களாக இருந்தால் இத்தனை பேர் இப்படிச் சொல்ல மாட்டார்கள். அவர்கள் கேட்டவை நான்கு: இது வேலை செய்யுமா, இந்த வேலைக்கு ஊதியம் உண்டா, தவறினால் பழி யார் மேல், என் அன்றாட வேலைக்குள் இது அடங்குமா. நம் ஊரில் கடைசி இரண்டும் இன்னும் கூர்மையானவை. 67 நாடுகளின் தகவல்களைத் தொகுத்து 2017இல் வந்த ஆய்வு, இந்தியாவில் ஆரம்ப நிலை மருத்துவர் ஒரு நோயாளியோடு செலவிடும் நேரம் சுமார் இரண்டு நிமிடம் என்றது. சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது விதி. இரண்டு நிமிடத்துக்குள் இரண்டு வாரச் சர்க்கரைக் கோட்டைப் படிக்க எந்த மருத்துவராலும் ஆகாது. பழி பற்றிய அச்சத்துக்கும் அடிப்படை உண்டு. கட்டணம் வாங்கும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995இல் வி.பி.சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. 2020 மார்ச் 25இல் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல்கள் போன், வீடியோ, குறுஞ்செய்தி வழி ஆலோசனையை முறைப்படுத்தி, பதிவுகளைப் பாதுகாக்கும் கடமையை மருத்துவர் மேல் வைத்தன. இரவு பதினொன்றுக்கு மதுரை மருத்துவர் ஒருவரின் போனுக்கு 'சுகர் 52' என்று ஒரு படம் வருகிறது; அவர் காலையில்தான் பார்க்கிறார். அந்த இரவுக்கு யார் பொறுப்பு? இதற்குத் தெளிவான விடை இல்லாத நிலையில் 'எண்களை அனுப்பாதீர்கள், நேரில் வாருங்கள்' என்று அவர் சொல்வது தற்காப்பு மட்டுமல்ல. அனுப்பிவிட்டோம், டாக்டர் பார்த்துக்கொள்வார் என்ற பொய் நிம்மதியோடு நோயாளி தூங்கப் போவதைத் தடுப்பதும் அதில் அடங்கியிருக்கிறது.

தமிழ்நாட்டு மருத்துவர்கள் வீட்டு எண்ணைத் தயக்கமின்றி ஏற்ற ஒரு காலமும் உண்டு. கொரோனாவின் இரண்டாம் அலையில், 2021 ஏப்ரல், மே மாதங்களில், வீட்டுத் தனிமையில் இருந்தவர்கள் விரலில் மாட்டிய ஆக்சிஜன் மீட்டரின் எண்ணைத்தான் எல்லோரும் கேட்டார்கள். மேலே சொன்ன தோல் நிறக் குறை அந்தக் கருவிக்கும் இருந்தது. சந்தையில் வந்த மலிவான மீட்டர்களின் தரமும் ஐயத்துக்குரியது. ஆயினும் அது உயிர் காத்தது. எண் ஒன்றே ஒன்று. 94க்குக் கீழே போனால் ஆபத்து என்ற எல்லை ஊருக்கே தெரிந்திருந்தது. கீழே போனால் அழைக்க 104, ஏற்றிச் செல்ல 108 இருந்தன. படுக்கை கிடைக்காமல் தவித்தவர்களின் துயரத்தை மறந்து இதைச் சொல்லவில்லை. கருவி குறையுள்ளதாக இருந்தும் கேள்வியும் எல்லையும் பொறுப்பாளியும் தெளிவாக இருந்தால் வீட்டு எண் பயன்படும் என்பதற்கு நம் கண்முன் நடந்த சான்று அது.

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்புகள் உண்டு. எண்களை மருத்துவர் படிக்க வேண்டியதே இல்லை, செயற்கை நுண்ணறிவு படித்து ஆபத்தானதை மட்டும் எடுத்துக் கொடுக்கும் என்பது ஒன்று. மதுரைக்கு இதில் சொந்த அனுபவம் உண்டு. சர்க்கரை நோயால் விழித்திரை கெடுவதைப் படத்தைப் பார்த்தே கண்டறியும் கூகுளின் மென்பொருள், அரவிந்த் கண் மருத்துவமனை உள்ளிட்ட இந்திய மருத்துவமனைகளின் படங்களையும் கொண்டு பயிற்சி பெற்று, நிபுணர்களுக்கு இணையாகப் படித்தது. அதே வகை மென்பொருள் தாய்லாந்தின் 11 சிறு மருத்துவ நிலையங்களுக்குப் போனபோது, அறையில் வெளிச்சம் சரியில்லாததால் ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்பட்ட படங்களைப் படிக்க முடியாது என்று தள்ளிவிட்டது. அந்த நோயாளிகளை வேறு ஊருக்கு அனுப்பும் வேலையும், அவர்களின் ஒருநாள் கூலி இழப்பும் செவிலியரின் கவலையாயின. வடிகட்டி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வடிகட்டியபின் நிற்பதை ஒருவர் கையில் எடுக்க வேண்டும். மேலும், ஆரோக்கியமானவர்கள் நிறைந்த கூட்டத்தில் எந்த எச்சரிக்கையும் பொய்யொலியைக் கூட்டும். ஆப்பிள் வாட்ச்சை வைத்து 4,19,297 பேரிடம் நடந்த ஆய்வில் சீரற்ற துடிப்பு என்ற எச்சரிக்கை 0.52% பேருக்குத்தான் வந்தது. பிறகு உடம்பில் ஒட்டும் இசிஜி கருவியை அணிந்து திருப்பி அனுப்பிய 450 பேரில் அந்தச் சீரற்ற துடிப்புக் கோளாறு பதிவானது 34% பேருக்கே. அது விட்டுவிட்டு வரும் நோய் என்பதால் மற்றவர்களுக்கு இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. அந்த நிச்சயமின்மையோடுதான் அத்தனை பேரும் ஒரு மருத்துவரின் கதவைத் தட்டுவார்கள்.

இரண்டாவது மறுப்பை நான் அதிகம் மதிக்கிறேன். உடம்பு நோயாளியுடையது, அளவும் அவருடையது. எதைப் பார்ப்பது என்று மருத்துவர் முடிவு செய்தால் பழைய அதிகாரம் புது உடையில் வருகிறது என்கிறார்கள். நோயாளி தம்மை அளந்துகொள்ளும் உரிமையை யாரும் மறுக்க முடியாது. தம் உணவுக்கும் சர்க்கரைக்கும் உள்ள உறவைத் தாமே கண்டுகொள்கிறவருக்கு மருத்துவர் நடுவில் தேவையுமில்லை. ஆனால் அளவை இன்னொருவரிடம் ஒப்படைக்கும்போது அது ஒரு கோரிக்கையாகிறது. கோரிக்கைக்கு இரு பக்கமும் ஒப்புக்கொண்ட விதி வேண்டும். அந்த விதி எளியவரைத்தான் முதலில் காக்கும். அது இல்லாத இடத்தில், நாளுக்கு நாற்பது எண் அனுப்பும் வாட்ச்காரருக்கு மருத்துவரின் கவனம் போய், மாதம் ஒருமுறை பேருந்தில் வரும் கூலித் தொழிலாளியின் இரண்டு நிமிடம் ஒன்றாகக் குறையும்.

ஆகவே சமயநல்லூருக்கு வேண்டியது புதிய செயலி அல்ல. வேண்டியதில் பெரும்பகுதி ஏற்கெனவே இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், ஊர்ப் பெண்களிலிருந்தே வந்த சுகாதாரத் தன்னார்வலர்கள் பிரஷர் மெஷினும் சர்க்கரை மீட்டரும் கொண்டு வீடு வீடாகப் போகிறார்கள். மாத்திரையையும் கொண்டு தருகிறார்கள். 2020இன் மாநில ஆய்வில் உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3% பேருக்கும், நீரிழிவு உள்ளவர்களில் 10.8% பேருக்கும்தான் நோய் கட்டுக்குள் இருந்தது. அடுத்த சுற்றில் அது 17%, 16.7% என உயர்ந்தது. ஆறில் ஐந்து பேருக்கு இன்னும் கட்டுக்குள் இல்லை என்பதும் அதே எண்களின் பொருள்தான். இங்கே நோயாளியின் அளவு சேர வேண்டிய இடம் மருத்துவரின் வாட்ஸ்அப் அல்ல. அந்தத் தன்னார்வலரின் கை, அவரிடமிருந்து தொற்றா நோய்ப் பிரிவுச் செவிலியரின் மேசை. எந்த எண் வந்தால் செவிலியரே முடிவெடுக்கலாம், எது அன்றே மருத்துவரிடம் போக வேண்டும், எது 108க்கு உரியது என்று ஒரே பக்கத்தில் எழுதிச் சுவரில் ஒட்டலாம். அப்படி ஏற்ற வேலைக்கு நேரமும் ஊதியமும் கணக்கில் வர வேண்டும். தன்னார்வலரின் ஊக்கத்தொகைக்குள் இதையும் திணிப்பது அநியாயம். தகவலைக் காப்பதற்கான 2023ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. வீட்டு வாசலில் எடுக்கும் எண் யாருக்குப் போகிறது என்பதை அந்த வீட்டுக்காரரிடம் தமிழில் சொல்லும் பழக்கமும் அதோடு சேர வேண்டும்.

அதுவரை வாசகர் செய்யக்கூடிய ஒன்று உண்டு. அடுத்த முறை மருத்துவரிடம் போவதற்கு முன், கையில் பட்டை சுற்றும் மெஷினில் ஏழு நாள், காலையில் இரண்டு முறையும் மாலையில் இரண்டு முறையும், ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்தபின் பிரஷரை அளந்து ஒரே தாளில் எழுதுங்கள். முதல் நாளை விட்டுவிட்டு மற்ற ஆறு நாளின் சராசரியைப் போட்டு அடியில் குறியுங்கள். வீட்டு அளவுக்கு எல்லை 135/85. மெஷினையும் கையோடு கொண்டுபோய்ச் செவிலியரின் மெஷினோடு ஒருமுறை ஒத்துப் பாருங்கள். அந்த ஒரு தாளைப் படிக்க இரண்டு நிமிடம் போதும்.